வழுக்கும் பாறையும் வழுவாத அடியும்

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு 'வழு' என்னும் சொல் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுவை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கி வருகிறோம். சொல் தன் நெறியினின்று சறுக்குவது வழு. கால் தான் ஊன்றிய இடத்தினின்று சறுக்குவது வழுக்கல். இரண்டும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் நேர்ந்த வழுவைச் சிவப்பு மையால் திருத்திவிடலாம். ஆற்றுப் பாறையில் நேரும் வழுவைத் திருத்த மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

இதை நான் பட்டறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில், பெக்கோக் பக்கத்து மலையோடை ஒன்றில் தூண்டில் போடச் சென்றேன். காலில் அணிந்திருந்தது, நம் தோட்டங்களில் பால்வெட்டச் செல்வோர் அணியும் ரப்பர்ச் சப்பாத்து. மழைக்காலச் சேற்றில் ஒருநாளும் என்னைக் கைவிடாத அச்சப்பாத்து, பாசி படிந்த பாறையொன்றில் இமைப்பொழுதில் கைவிட்டது. வலக்கை மணிக்கட்டு முறிந்தது. உடன் வந்த ஆசிரியர் கைகொடுத்திராவிட்டால் முறிவோடு போயிருக்காது. மாவுக்கட்டுடன் பள்ளிக்குத் திரும்பி, இடக்கையால் கரும்பலகையில் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, அதே சப்பாத்தப் போட்டுக்கிட்டுத்தானே எங்கப்பா தினமும் சேத்துல நடக்கிறாரு? அவருக்கு வழுக்கல, உங்களுக்கு மட்டும் ஏன் வழுக்குச்சு?"

வகுப்பு சிரித்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நல்ல வினா அது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

எந்த ஆறு?

ஜொகூர் மாநிலத்து ஆறுகளை மீன்பிடிப்போர் நோக்கில் இருவகையாகப் பிரிக்கலாம். மூவார் ஆறு, ஜொகூர் ஆறு ஆகியவற்றின் கீழ்ப்பகுதிகள் அகன்று, ஆழ்ந்து, கலங்கிச் செல்வன. அங்கே சேறும் முதலையும் உண்டு. படகிலிருந்தோ கரையிலிருந்தோ தூண்டில் போடுவதே முறை. நீரில் இறங்கி நிற்பது அறிவுடைமையாகாது.

மற்றொரு வகை, மலையடி ஓடைகள். எண்டாவ் ரொம்பின் வனப்பூங்காவின் ஜாசின் ஆறு, செலாய் ஆறு, பெக்கோக் அருகே உள்ள பந்தாங் ஆறு முதலியன இவ்வகையின. நீர் தெளிந்திருக்கும்; அடியிலே உருண்டைக் கற்களும் அகன்ற பாறைகளும் கிடக்கும். எண்டாவ் ரொம்பின் பகுதியில் அப்பாறைகளிற் பல, பன்னெடுங்காலத்துக்கு முன் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானவை. செபாராவ், தெங்காஸ், கெலா ஆகிய மீன்கள் இத்தகைய ஓட்ட நீரை விரும்புவன. கெலா, நம் காவிரியில் வாழும் மாசீர் மீனுக்கு உறவு. பாதுகாக்கப்பட்ட இடங்களில் இசைவு பெற்றே தூண்டில் போடவேண்டும். பூங்காவின் விதிகளை முன்னரே கேட்டறிதல் நன்று.

முழங்கால் அளவு நீரில் இறங்கி நடக்க நேர்வது இத்தகைய ஓடைகளிலேதான். ஆகவே காலணியைப் பற்றிய சிந்தனையும் இங்கேதான் தேவைப்படுகிறது.

ஏன் வழுக்குகிறது?

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது, நகர்வதைத் தடுக்கும் விசையை உராய்வு என்கிறோம். உலர்ந்த பாறையில் ரப்பருக்கு உராய்வு மிகுதி. ரப்பர் மென்மையானதாகையால் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பற்றிக்கொள்கிறது. ஆனால் பாறைமேல் பாசியும் அதன்மேல் நீரும் படிந்துவிட்டால் நிலை மாறுகிறது. அப்போது ரப்பர் பாறையைத் தொடுவதே இல்லை. இடையிலுள்ள கொழகொழப்பான ஏட்டையே தொடுகிறது. அந்த ஏடு நழுவும்போது காலும் உடன் நழுவுகிறது.

சேற்றில் நடப்பது வேறு கதை. சப்பாத்தின் அடியிலுள்ள குமிழ்கள் மண்ணுக்குள் புதைந்து பிடித்துக்கொள்கின்றன. அங்கே காலைத் தாங்குவது மண்ணிற் பதிந்த பள்ளம். பாறையில் அத்தகைய பள்ளம் தோண்ட முடியாது. மாணவனின் தந்தைக்கு வழுக்காமல் எனக்கு வழுக்கியதன் காரணம் இதுவே. சப்பாத்து ஒன்றேயானாலும் அதன் கீழிருந்த நிலம் வேறு.

மூவகை அடிகள்

செருப்புத் தைப்போர் 'சோல்' என்று வழங்கும் அடிப்பாகத்தை இங்கே 'அடி' என்றே குறிப்பிடுகிறேன். ஆற்றில் இறங்குவோர் அணியும் காலணிகளில் மூவகை அடிகள் உண்டு.

முதலாவது, ரப்பர் அடி. மலையேறுவோர் முற்காலத்தில் ஆணி அடித்த தோற்காலணி அணிந்தனர். 1935 ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்த துயரம், இத்தாலிய மலையேறியான விட்டாலே பிரமானியை வருத்தியது. தகுந்த காலணி இன்மையும் அத்துயரத்துக்கு ஒரு காரணம் எனக் கண்ட அவர், பிரெல்லி ரப்பர் நிறுவனத்தின் துணையோடு 1937 இல் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கினார். விப்ரம் என்று இன்றும் வழங்குவது அவர் பெயரின் சுருக்கமே. காட்டுப் பாதை, சேறு, மணல், உலர்ந்த பாறை ஆகியவற்றுக்கு இவ்வகை அடி ஏற்றது. பாசிப் பாறையில் மட்டும் தனியே நம்பத்தக்கதன்று.

இரண்டாவது, கம்பளி அடி. இதனை ஆங்கிலேயர் ஃபெல்ட் என்பர். நெய்யாமல், இழைகளை அழுத்தி இறுக்கிச் செய்த தடித்த பட்டை அது. நம் கரும்பலகைத் துடைப்பானின் அடியில் இருப்பதும் அவ்வகைதான். இதன் எண்ணற்ற இழைகள் பாசி ஏட்டுக்குள் ஊடுருவிப் பாறையைத் தொடுகின்றன. இடையிலுள்ள நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. சப்பானியர் ஓடைகளில் ஏறுவதற்கு வைக்கோற் புரியால் பின்னிய மிதியடிகளை அணிந்துவந்தனர். பின்னர் கம்பளி அடிக்கு மாறினர். இழையே பாசியை வெல்லும் என்னும் உண்மையை அவர்கள் பட்டறிவால் கண்டிருந்தனர். ஆனால் சேற்று மேட்டிலும் ஈர இலைகள் கிடக்கும் காட்டுப் பாதையிலும் கம்பளி அடி மோசமாக வழுக்கும்.

மூன்றாவது, ஆணி பதித்த அடி. ரப்பரிலோ கம்பளியிலோ டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடிய உலோகத்தாலான சிற்றாணிகளைப் பதித்திருப்பர். உடல் எடை முழுவதும் சில முனைகளில் குவிவதால் அவை பாசியைக் கீறிக்கொண்டு பாறையில் ஊன்றுகின்றன. எனினும் வழவழப்பான கடும்பாறையில் ஆணிகள் சறுக்கக்கூடும். அவை எழுப்பும் ஓசை தெளிந்த நீரில் மீனை வெருட்டும். படகின் பலகையையும் மரப்பாலத்தையும் கீறிவிடும். பெத்தா கிராமத்திலிருந்து படகேறி உள்ளே செல்வோர் இதனை நினைவிற் கொள்க.

மாற்றக்கூடிய அடி

ஒரே நாளில் நாம் படகிலே செல்கிறோம். காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடக்கிறோம். பின்னர் பாசிப் பாறையில் இறங்குகிறோம். மூன்றுக்கும் ஓர் அடி பொருந்தாது. மூன்று இணைக் காலணிகளைச் சுமப்பதும் இயலாது. இதற்கு விடையாகவே அடியை மட்டும் கழற்றி மாற்றும் காலணி வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கார்க்கர்ஸ் நிறுவனம் இவ்வகையில் பெயர்பெற்றது. காலணியின் அடியிலுள்ள குழிவில் ரப்பர், கம்பளி, ஆணி பதித்த ரப்பர் என்று வேண்டிய அடியைப் பொருத்தி, குதிகாலில் பூட்டிக்கொள்ளலாம். பாதைக்கு ரப்பர், ஓடைக்கரையில் அமர்ந்து அதனைக் கழற்றிவிட்டு வேறோர் அடி.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நியூசிலாந்தின் தென்தீவில் 2004 ஆம் ஆண்டில் டிடிமோ என்னும் நுண்பாசி கண்டறியப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரணு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போனாலும், அங்கே பெருகிக் கற்களை மூடிவிடக்கூடியது அது. நெடுநேரம் ஈரம் காக்கும் கம்பளி அடி அதற்கு நல்ல ஊர்தியாகும் என்று கருதி, 2008 இல் அந்நாடு மீன்பிடிப்போர் கம்பளி அடி அணிவதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலமும் 2012 இல் தடைவிதித்தது. வெர்மான்ட் மாநிலம் 2011 இல் கொண்டுவந்த தடையைப் பின்னர் நீக்கிக்கொண்டது. பாசி பெருகுவதற்கு நீரின் தன்மையும் காரணம் என்று ஆய்வாளர் கண்டதால், காலணி மட்டுமே குற்றவாளியன்று என்னும் கருத்து வலுப்பெற்றது.

டிடிமோ குளிர்நாட்டுப் பாசி. எனினும் ஓர் ஆற்றின் உயிரை மற்றோர் ஆற்றுக்குக் கொண்டுசெல்லலாகாது என்னும் பாடம் நமக்கும் பொருந்தும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பொன்னிற நத்தை நம் வயல்களில் செய்த கேட்டை அறியாதார் யார்? நியூசிலாந்தினர் சொல்லும் முறை எளிது: நோக்கு, கழுவு, உலர்த்து. தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்கு உள்ளும் புறமும் உலர்ந்தபின், மேலும் 48 மணி நேரம் காயவிடவேண்டும் என்பர். நம் நாட்டுப் புழுக்கத்தில் கம்பளி அடி அவ்வளவு காய்வது அரிது, பூஞ்சணமும் பிடிக்கும். கழற்றக்கூடியதாயின் அடியை மட்டும் தனியே கழுவி வெயிலில் வைக்கலாம். ஆற்றுக்கு ஓர் அடி என்று ஒதுக்கியும் வைக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் அளவு. குளிர்நாட்டினர் நீர்புகாக் காற்சட்டையின் தடித்த உறைமீது காலணி அணிவதால் ஓர் அளவு பெரிதாக வாங்குவர். நாம் வெந்நாட்டில் அவ்வாறு செய்யவேண்டுவதில்லை. அணியப்போகும் காலுறையை உடன் எடுத்துச் சென்று, அதனை அணிந்தே அளவு பார்க்கவேண்டும். காலணிக்குள் பாதம் ஆடினால், எவ்வளவு நல்ல அடியும் பயன்படாது.

இரண்டாவது, கணுக்காலை மூடும் உயரம். உருண்டைக் கற்களுக்கிடையே கால் பிசகும்போது சுளுக்கைத் தடுப்பது அதுவே. மூன்றாவது, நீர் வடியும் துளைகள். அவை இல்லையேல் ஒவ்வொரு காலிலும் ஒரு குடம் நீரைச் சுமப்பதுபோல் இருக்கும். நான்காவது, பூட்டு. கடையிலேயே இருமுறை அடியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பூட்டு முழுதும் விழாவிட்டால் ஆழ்ந்த சேறு அடியைப் பிடுங்கிவிடும். மணல் புகுந்த குழிவைக் கழுவாமல் அடியைப் பொருத்தலாகாது. ஐந்தாவது, மாற்று அடிகள் தனியே விற்பனைக்குக் கிடைக்குமா என்று கேட்டறிதல். அவை கிடையாவிடின் இக்காலணிக்கும் பிறவற்றுக்கும் வேறுபாடு இல்லை.

இனி, விலை. இத்தகைய காலணிக்குச் சில நூறு வெள்ளி ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடைக்குச் செல்பவர் இவ்வளவு செலவிட வேண்டியதில்லை. மலிவான கம்பளி அடிச் சப்பாத்து ஒன்றும், ஊன்றுகோல் ஒன்றும் போதும். ஆனால் சிலிப்பரோடு பாறையில் இறங்குவது மட்டும் வேண்டா. ஞாயிறுதோறும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அவ்வாறு இறங்குவதைக் காண்கையில் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

எந்த அடியும் செய்யமுடியாத செயல் ஒன்று உண்டு. மலையில் மழை பெய்து, மலாய்க்காரர் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் வருங்கால், காலணி காப்பாற்றாது. தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மிகுந்தால், தூண்டிலைப் போட்டுவிட்டேனும் கரையேற வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஓடுகல், பழைய சப்பாத்தின் ரப்பர்த் துண்டு, துடைப்பானின் கம்பளித் துண்டு, தேங்காய் நார்க் கயிற்றுத் துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுகளை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொன்றன்மேலும் ஒரே எடையை வையுங்கள். ஓடுகல்லின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, எவ்வளவு உயரத்தில் துண்டு நழுவுகிறது என்பதை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். முதலில் உலர்ந்த கல்லில். அடுத்து நீர் தெளித்த கல்லில். பின்னர் வெண்டைக்காயின் கொழகொழப்பைத் தடவிய கல்லில். விடையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்; பிள்ளைகளே அட்டவணை எழுதட்டும்.

நான் இதைச் செய்தபோது, வினாக் கேட்ட அம்மாணவனையே அளக்கச் சொன்னேன். உலர்ந்த கல்லில் இறுக நின்ற ரப்பர், வெண்டைக்காய்க் கொழகொழப்பில் விரைவில் நழுவுவதைக் கண்டு, "சப்பாத்து மேல தப்பில்லைங்கய்யா. எங்க போறோம்னு பாக்காம போட்டதுதான் தப்பு" என்றான். அடுத்த ஞாயிறு தன் தந்தை ஓடைக்குப் புறப்பட்டபோது, சிலிப்பரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டானாம். இதை அவன் தந்தையே வந்து என்னிடம் சொன்னார்; கோபமாக அன்று.