பீஸ் ரேட்: ஆயிரம் பீடிக்குக் கிடைப்பது கூலியா, விலையா?

மாதம் பிறந்தால் கைக்கு வருவது சாலரி. நாளையோ மணியையோ கணக்கிட்டுத் தருவது வேஜ், அதாவது கூலி. நேரத்தைப் பார்க்காமல், செய்து முடித்த பொருளை எண்ணி இத்தனைக்கு இவ்வளவு என்று தருவது பீஸ் ரேட். இந்த மூன்றாவதும் கூலியில் ஒரு வகைதான். திருநெல்வேலிப் பக்கம் இதை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர், கடையம், ஆலங்குளம் என்று தாமிரபரணியை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் உள்ள ஊர்களில் ஏராளமான பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். அவர்கள் பேச்சில் அது "ஆயிரத்துக்கு எவ்வளவு?" என்ற கேள்வியாக இருக்கும்.

ஒரு வேறுபாட்டை முதலில் பார்ப்போம். காருகுறிச்சியில் பானை வனைபவர் மண்ணைத் தாமே வாங்குகிறார், சூளை வைக்கிறார், பானையை விற்கிறார். அவருக்குக் கிடைப்பது விலை. லாபமும் அவருடையது, உடைந்தால் நட்டமும் அவருடையது. பீடி சுற்றும் பெண் அப்படி இல்லை. இலையும் தூளும் நிறுவனத்துக்காக நடக்கும் பீடிக் கடையிலிருந்து வருகின்றன. வீட்டில் இலையை நனைத்து, தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டி, சுளகை மடியில் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கி, கட்டுக் கட்டாக அடுக்கித் திரும்பக் கடைக்கே கொண்டுபோகிறார். அந்தப் பீடியை வேறு யாருக்கும் அவர் விற்க முடியாது. பொருள் நிறுவனத்துடையது, உழைப்பு மட்டுமே இவருடையது. ஆகவே இவர் வாங்குவது கூலி.

சொன்னால் எளிதாக இருக்கிறது. ஆனால் இதை நிலைநாட்ட நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அது சொன்னது. அதை எதிர்த்துப் பீடி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வருங்கால வைப்பு நிதிக்கும் இதே சண்டை நடந்தது. தங்கள் கண்காணிப்பில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவர் எப்படித் தங்கள் ஊழியர் ஆவார் என்பது முதலாளிகளின் வாதம். 1985இல் பி.எம். படேல் வழக்கில் அதுவும் எடுபடவில்லை. சுற்றி வந்த பீடியை வாங்கிப் பார்த்துக் கழித்துவிடும் அதிகாரம் இருக்கிறதே, அதுவே கண்காணிப்புதான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வாசலில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணை ஆலைத் தொழிலாளியின் வரிசையில் வைத்த தீர்ப்பு அது. இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

இனி கணக்குக்கு வருவோம். ஆயிரம் பீடிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது விளங்குவதற்கான எண், உண்மை வீதம் அரசாணைப்படியும் ஒப்பந்தப்படியும் மாறும்). ஒருவர் ஒரு நாளில் 600 சுற்றினால் 180 ரூபாய். அதில் 30 பீடி கழிந்துபோனால் மிஞ்சுவது 171. கடை கொடுத்த இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்தால் எண்ணிக்கை தேறாது. குறைகிற இலையைத் தன் காசில் வாங்கி ஈடுகட்டுவார், அதற்கும் பத்து இருபது போகும். இலை நனைக்கும் நேரத்துக்கும் வெட்டும் நேரத்துக்கும் கடையில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் தனிக் கூலி கிடையாது. எல்லாம் அந்த ஆயிரத்துக்குள் அடக்கம். பீஸ் ரேட்டின் கடுமை இங்கேதான் இருக்கிறது: வேலையில் வரும் சேதாரமெல்லாம் மெல்ல மெல்லத் தொழிலாளியின் தலையில் இறங்கிவிடும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் மனிதர் தம் உடம்பைக் கெடுத்துக்கொண்டு உழைப்பார் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். புகையிலைத் தூளை நாள் முழுக்கச் சுவாசித்தபடி, குனிந்த கழுத்தோடு, சமையலுக்கும் சுற்றுக்கும் இடையே ஓடும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இலை மோசமானால் அந்த நட்டம் யாருடையது, எவ்வளவு கழிக்கலாம் என்பதெல்லாம் கூலித் தகராறுகள். அதிகாரியிடம் கொண்டுபோகலாம். அதே பணத்தை "விலை" என்று பெயர் மாற்றிவிட்டால் இந்தக் கேள்விகளே எழாது. நாட்டின் பல இடங்களில் ஒப்பந்தக்காரர் இலையையும் தூளையும் பெண்களுக்கு விற்பதாகவும், பீடியைத் திரும்ப வாங்குவதாகவும் கணக்கு எழுதுவது அதற்காகத்தான். சொந்தத் தொழிலாகத் தம் வீட்டில் சுற்றுபவருக்கு 1966 சட்டம் விலக்குக் கொடுத்திருந்தது. அந்த விலக்குக்குள் தொழிலாளியைத் தள்ளிவிடும் வழி இது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1966 சட்டத்தின் இடத்தையும் எடுத்துக்கொண்டன. எண்ணிக்கைக் கூலிக்கும் குறைந்தபட்ச வீதம் உண்டு என்பது அவற்றிலும் தொடர்கிறது.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கிலப் படிவத்தை நிரப்பும்போது, தாயின் வேலை என்ற இடத்தில் "செல்ஃப் எம்ப்ளாய்டு" என்று போடுவதுண்டு. நிறுவனத்தின் இலையை வாங்கிச் சுற்றும் தாய்க்கு அது பொருந்தாது. "பீடி வொர்க்கர், பீஸ் ரேட்" என்று எழுத வேண்டும். வாக்கியத்திலும் அப்படித்தான்: "அம்மா பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்", "எங்களுக்குப் பீஸ் ரேட்டை உயர்த்தினார்கள்" என்று சொல்லலாம். "அம்மாவின் சாலரி ஆயிரத்துக்கு 300" என்பது பிழை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தாயின் அடையாள அட்டையும் தேவைப்படும். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்த நலத்திட்டங்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மீது தனித் தீர்வை வசூலானது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது.

பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெரும்பாலான தொழில்களில் 12 சதவீதம் என்றால் பீடித் தொழிலில் 10. மாதக் கூலி 5,000 ரூபாயானால் தொழிலாளி 500, நிறுவனம் 500. நிறுவனத்தின் பங்கில் பெரும்பகுதி ஓய்வூதியத்துக்குப் போகும். 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண் அங்கே புதுக் கடையில் புது எண்ணில் சேர்கிறார். பழைய கணக்கை அதனோடு இணைக்காவிட்டால், பிறந்த ஊரில் சுற்றிய ஆண்டுகள் அந்தப் பத்தில் சேராமல் போகலாம். கடை மாறும்போது பழைய கணக்கு எண்ணைக் கையோடு எடுத்துப்போய்ச் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ் புத்தகத்தில் கடைக்காரர் எழுதியிருக்கும் எண்ணிக்கையும் கொடுத்த பீடியின் எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று வாரம் ஒருமுறை வீட்டில் படித்த பிள்ளை ஒன்று பார்த்துச் சொல்லட்டும். குறைத்து எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டும் அன்றைய கூலியோடு வைப்பு நிதியையும் குறைக்கும்.