ஏலத்தில் எடுத்த வீடும் வெளியேறாத பங்காளியும்

பெற்றோர் விட்டுச் சென்ற வீடு ஒன்று, பிள்ளைகள் நால்வர். உயில் இல்லாவிடில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் ஆண்மக்களும் பெண்மக்களும் சமபங்கு பெறுவர். ஆனால் சிறிய வீட்டை நான்காகப் பிளக்க இயலுமா? பாதிக்குக் குறையாத பங்குடையோர் கேட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ், அதை விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றம் உத்தரவிடலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒருவர் அதை ஏலத்தில் எடுக்கிறார். சாவி கேட்கச் சென்றால், "இது என் தகப்பனார் கட்டிய வீடு, எங்கே போவேன்?" என்று பங்காளிகளுள் ஒருவர் உள்ளேயே இருக்கிறார். இனிச் செய்ய வேண்டியது யாது?

முதற்கண், வாங்கியது முழு வீடா, ஒருவருடைய பங்கு மட்டுமா என்று தெளிதல் வேண்டும். வழி அதைப் பொறுத்தே அமையும்.

முழு வீடாயின் வழி நேரானது. ஏலத்தன்றே விலையில் நான்கில் ஒரு பகுதியையும், எஞ்சியதைப் 15 நாட்களுக்குள்ளும் செலுத்த வேண்டும். ஏலத்தை ரத்துச் செய்யக் கோர 60 நாள் தவணை உண்டு. அது கடந்து ஏலம் உறுதியானதும் நீதிமன்றம் விற்பனைச் சான்றிதழ் வழங்கும். அதைக் கொண்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 95-ஆம் விதியின்படி சுவாதீனம் கேட்டு மனுச் செய்யலாம். வெளியேற மறுப்பவரை அமீனா அகற்றுவார். எவரேனும் தடுத்தால், 30 நாட்களுக்குள் 97-ஆம் விதியின் கீழ் முறையிட வேண்டும். அவருடைய உரிமைக் கோரிக்கையையும் அதே நீதிமன்றமே தீர்க்கும். சுவாதீன மனுவுக்கு, ஏலம் உறுதியான நாளிலிருந்து ஓராண்டே காலவரை என்பதை மறத்தலாகாது.

ஒருவருடைய பங்கை மட்டும் எடுத்தவர் நிலை வேறு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் வெளியார் நுழைந்து மற்றவர்களோடு கூடி வாழ உரிமையில்லை என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கூறும் நெறி. அவர் பாகப்பிரிவினை வழக்கே தொடர வேண்டும். அப்போது குடும்பத்தார், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். மலிவாய்க் கிடைத்த பங்கு வழக்காகவே முடிவது இதனாலேயே.

உள்ளே இருப்பவர் உரிமையுள்ள குடித்தனக்காரராயின், சான்றிதழின் நகலை வீட்டில் ஒட்டித் தமுக்கடித்து அறிவிப்பதே சுவாதீனம் கொடுத்ததாகும். அவரை வெளியேற்ற வாடகைச் சட்டத்தின் வழியே செல்ல வேண்டும். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் அதற்குரியது 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்.

பூட்டை உடைப்பதும், மின்சாரம், தண்ணீரைத் துண்டிப்பதும், ஆட்களை அனுப்பி மிரட்டுவதும் ஆகா. சட்டப்படியன்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் வழக்கிட்டால், உரிமையை நிரூபிக்காமலேயே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அவசரப்பட்டவர் கையிலிருந்த நியாயத்தையும் இழப்பார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. வெளியேறாதவர் எல்லாரும் பிடிவாதக்காரர் அல்லர். ஏலத் தொகையில் அவர் பங்கு நீதிமன்றத்தில் இருக்க, அதை எடுக்கும் வழி அறியாமலும், வேறு வீட்டுக்கு முன்பணம் இன்றியும் பலர் தங்கிவிடுகின்றனர். அப்பணத்தைப் பெற உதவி, வெளியேறும் நாளை எழுத்தில் வாங்கிக்கொண்டால் அமீனா வரும் முன்னரே சாவி கைக்கு வரக்கூடும். ஆயினும் ஓராண்டுத் தவணைக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட்டே பேசுக.

ஏலம் கேட்கும் முன் விற்பனை அறிவிப்பை முழுவதும் படியுங்கள். வில்லங்கச் சான்று பாருங்கள். வீட்டை நேரில் சென்று, உள்ளே வாழ்பவர் யார், எந்த உரிமையில் வாழ்கிறார் என்று கேளுங்கள். அன்று கேட்கும் கேள்வி பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கும்.