மசகு எண்ணெயின் பகுப்பாய்வு அட்டவணையை வாசித்தறிதல்

மாணவர்களே, மசகு எண்ணெய் பல ஐதரோக்காபன்களின் கலவை என்பதையும், கொதிநிலை வேறுபாட்டைப் பயன்படுத்திப் பகுதிபடக் காய்ச்சி வடிப்பதன் மூலம் அது வேறாக்கப்படுகின்றது என்பதையும் கற்றிருப்பீர்கள். எனினும் எல்லா மசகு எண்ணெயும் ஒரே தன்மையுடையதல்ல. எனவே ஓர் எண்ணெயின் மாதிரியை ஆய்வுகூடத்தில் சோதித்துப் பெறும் தரவுகள் அட்டவணையாகத் தரப்படுகின்றன. இதுவே பகுப்பாய்வு அட்டவணை ஆகும்.

1969 இல் இயங்கத் தொடங்கிய சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம், ஈரானின் இலேசான மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2012 இல் ஈரான் மீதான தடைகளால் அவ்வெண்ணெயைப் பெறுவது கடினமாயிற்று. இத்தகைய வேளையில், வேறோர் எண்ணெய் பொருந்துமா எனத் தீர்மானிக்க இவ்வட்டவணை உதவுகின்றது.

1. அடர்த்தி

எண்ணெய்த் தொழிலில் அடர்த்தி ஏ.பி.ஐ. பாகையில் கூறப்படும்.

ஏ.பி.ஐ. பாகை = (141.5 ÷ சாரடர்த்தி) – 131.5

சாரடர்த்தி 0.855 எனின் விடை ஏறத்தாழ 34 ஆகும். நீருக்கு இப்பெறுமானம் 10. பெறுமானம் கூடினால் எண்ணெய் இலேசானது என்பதை நினைவிற் கொள்க.

2. கந்தகத்தின் அளவு

கந்தகச் சேர்வைகள் உபகரணங்களை அரிக்கும். எரிபொருளில் எஞ்சும் கந்தகம் எரியும்போது கந்தகவீரொட்சைட்டைத் தரும். இது அமில மழைக்குக் காரணமாகும்.

3. வடிப்புத் தரவுகள்

பயிற்சிக்காக அமைக்கப்பட்ட பின்வரும் தரவுகளை நோக்குக. இவை குறித்த வெப்பநிலை வரை வடிந்த மொத்தக் கனவளவுச் சதவீதத்தைக் காட்டுகின்றன.

70 பாகை செல்சியசு வரை – 8
180 பாகை செல்சியசு வரை – 28
240 பாகை செல்சியசு வரை – 40
350 பாகை செல்சியசு வரை – 59

240 – 350 பாகை வீச்சில் டீசல் பெறப்படுகின்றது எனக் கொள்வோம். டீசலின் அளவு யாது? 59 என எழுதுவது தவறு. 59 என்பது தொடக்கத்திலிருந்து வடிந்த அனைத்தினதும் கூட்டுத்தொகை.

டீசல் = 59 – 40 = 19 சதவீதம்
மீதி = 100 – 59 = 41 சதவீதம்

நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் வடிக்கும் நிலையம் ஒன்றில் சரியான விடை 9,500 பீப்பாய் டீசல். தவறான விடை 29,500 பீப்பாய். இல்லாத 20,000 பீப்பாயை நம்பி விநியோகத்தைத் திட்டமிட்டால் தட்டுப்பாடே ஏற்படும்.

மீதியை மேலும் கூடிய வெப்பநிலைக்குச் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடையத் தொடங்கும். எனவே அது குறைந்த அமுக்கத்தில் வடிக்கப்படுகின்றது. அமுக்கம் குறையும்போது கொதிநிலையும் குறையும்.

4. கணினியில் பயன்படுத்தல்

மசகு எண்ணெயிலுள்ள சேர்வைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட முடியாது. ஆகவே பொறியியலாளர் வடிப்பு வளையியைச் சிறுசிறு வெப்பநிலை வீச்சுகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு கொதிநிலையும் அடர்த்தியும் உடைய தனிப் பதார்த்தமாகக் கொள்ளப்படும். வடிப்பு நிரலில் எத்துண்டு எம்மட்டத்தில் வெளியேறும் என்பதைக் கணினி கணிக்கும். தரவு பிழையெனின் கணிப்பும் பிழையாகும்.

கவனிக்க: சதவீதம் கனவளவிலா திணிவிலா தரப்பட்டுள்ளது என முதலில் பார்க்க. மீதி அடர்த்தி கூடியதாதலால் அதன் திணிவுச் சதவீதம் கனவளவுச் சதவீதத்திலும் அதிகமாகும்.

பயிற்சி

வேறோர் எண்ணெயில் 240 பாகை வரை 36 சதவீதமும் 350 பாகை வரை 52 சதவீதமும் வடிகின்றன. டீசல், மீதி ஆகியவற்றின் சதவீதங்களைக் காண்க. டீசல் கூடுதலாகத் தேவைப்படும் நாடு இவ்விரண்டில் எதனைத் தெரிவு செய்யும்?

விடை: டீசல் 16, மீதி 48. முதலாவது எண்ணெய்.