இயந்திரத் தாளமும் இளங்குரலும்

ஏறாவூரிலிருந்து தெற்கே சில கல் தொலைவு சென்றால் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தை அடையலாம். முழுநிலா இரவில் அவ்விடத்தே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையிற் செவியை வைத்து, மீன் பாடுவதைக் கேட்டு மகிழ்வது நம் முன்னோர் வழக்கம். பாடுவது மீனா, ஊரியா, வேறெதுவுமா என்ற வாதம் ஒருபுறம் கிடக்க, இனிய ஒலி எங்கே பிறந்ததென்று ஆராய்ந்த பின்னரா நெஞ்சம் அதில் இலயிக்கின்றது?

மின்னணு இசையைப் பற்றியும் இத்தகைய வாதம் உண்டு. "விசையை அழுத்தினால் இயந்திரம் வாசிக்கின்றது, மனிதனுக்கு அங்கே என்ன வேலை?" என்று முகஞ் சுளிக்கும் பெரியோர் பலர். அவர்களுக்கு விடை கூற ஓர் இசைத்தட்டின் கதையே போதுமானது.

மின்னலைகளை ஒலியாக்கும் கருவி சிந்தசைசர். அதன் தாளம் களைப்பறியாது, பிசகுவதுமில்லை. இத்தாலியரான ஜியோர்ஜியோ மொரோடர், 1977ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஏறக்குறைய முழுவதும் அக்கருவியினாலேயே ஒரு பாடலுக்குப் பின்னணி அமைத்தார். அமெரிக்கப் பாடகி டோனா சம்மர் அதனைப் பாடினார். டிஸ்கோ நடன இசையின் போக்கையே அப்பாடல் மாற்றிவிட்டது.

நமது பகுதியிலும் இத்தகைய கூட்டு முயற்சி ஒன்று தோன்றியது. பெங்களூரிற் பிறந்த பித்து, 1960களில் இங்கிலாந்து சென்று இசைத் தயாரிப்பாளரானவர். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. கராச்சியிற் பிறந்து இலண்டனில் வளர்ந்த நாசியா ஹசனோ ஒரு பள்ளி மாணவி. 1980இல் வெளிவந்த 'குர்பானி' என்னும் இந்திப் படத்திற்காக, பித்துவின் இசையில் அச்சிறுமி ஒரு பாடலைப் பாடினாள். அப்பொழுது அவளுக்கு வயது 15. அடுத்த ஆண்டே பிலிம்பேர் விருது அவளைத் தேடி வந்தது.

1981இல் இருவரும் இணைந்து 'டிஸ்கோ தீவானே' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். நாசியாவின் தம்பி சோஹேப்பும் உடன் பாடினார். இதிலொரு புதுமையைக் கவனிக்க வேண்டும். திரைப்படமின்றிப் பாட்டுக்கு வாழ்வில்லை என்றிருந்த காலம் அது. பாடகி மறைவில் நிற்பாள், நடிகை வாயசைப்பாள். இத்தொகுப்புக்கோ கதையுமில்லை, நாயகனுமில்லை. பாட்டு தன் காலிலேயே நின்று இந்தியாவையும் பாகிஸ்தானையும் கவர்ந்தது.

அதன் வெற்றி இயந்திரத்தின் வெற்றிதானா? அன்று, கருவியை விலை கொடுத்து எவரும் வாங்கலாம். சாஸ்திரீயப் பயிற்சியின் மெருகேறாத, மூக்கொலி சற்றே கலந்த அந்த இளங்குரலின் வெள்ளைத்தன்மை கடையிற் கிடைப்பதன்று. தாளம் கால்களை அசைத்தது. குரல் நெஞ்சைத் தொட்டது.

மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. புகழ் வந்ததென்று நாசியா கல்வியைக் கைவிடவில்லை. இலண்டனிற் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். ஐக்கிய நாடுகள் சபையிலும் பணிபுரிந்தார். அந்தோ! 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், 35ஆம் வயதிலேயே, புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றது. எனினும் அப்பாடல் மறையவில்லை. 2012இல் ஓர் இந்திப் படம் அதனைப் புதுக்கோலத்தில் மீண்டும் ஒலிக்கச் செய்தது.

துடுப்பு தானாகப் பாடுவதில்லை. நீருக்கடியில் எழும் ஒலியை நம் செவிக்குக் கொணர்கின்றது. இயந்திரமும் ஒரு துடுப்பே. அதன் மறுமுனையில் ஓர் உயிர் பாடவேண்டும்.