ஊர்ப் பெயரில் ஒரு முகவரி

வரக்காப்பொல பிரதேச செயலகத்தின் இணைய முகவரியைப் பின்னாலிருந்து வாசித்தால் நிர்வாகத்தின் படிகள் தெரியும்: நாட்டுக்கு 'எல்கே', அரசுக்கு 'கவ்', பிரதேச செயலகங்களுக்கு 'டிஎஸ்', கடைசியாக ஊர்ப் பெயர். கேகாலை மாவட்டச் செயலகத்துக்கும் இதே ஒழுங்குதான். 'டிஎஸ்' இருக்கும் இடத்தில் 'டிஸ்ட்' வரும். தனித்தனி டொமைன்களை வாங்கிக் குவிக்காமல் ஒரே தாய்ப்பெயரின் கீழ் கிளைகளை வளர்ப்பதே அரச நிறுவனங்களுக்கு ஏற்ற வழி என்பதற்கு இந்த ஒழுங்கு நல்ல சான்று. ஊரின் பெயர் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதில்லை. அமைச்சுகளின் கதை வேறு. தோட்ட மக்களின் வீடமைப்பைக் கவனிக்கும் அமைச்சு மட்டும் கடந்த பத்தாண்டில் 'மலைநாட்டு புதிய கிராமங்கள்', 'தோட்ட உட்கட்டமைப்பு', 'பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு' என்று பலகை மாற்றியிருக்கிறது. பலகையோடு டொமைனையும் மாற்றினால் பழைய சுற்றறிக்கைகளுக்கும் விண்ணப்பப் படிவங்களுக்குமான இணைப்புகள் அறுந்துவிடும். 'கவ் டொட் எல்கே' பெயர்களை வெளியார் பதிய முடியாது என்பதால் அங்கே நட்டம் அவ்வளவுதான். ஒரு திட்டத்துக்காக 'டொட் கொம்' என்று வாங்கிய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அரசின் பெயரில் நம்பி வருபவர் மோசடிக்காரரின் பக்கத்தில் போய் நிற்பார்.

எல்லாவற்றையும் ஒரே தாய்ப்பெயரில் கட்டினால் அது விழும்போது எல்லாமே விழாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி 'டொட் எல்கே' பதிவகத்தில் ஊடுருவியவர்கள் கூகுள் உட்படப் பல நிறுவனங்களின் இலங்கை முகவரிகளை வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் அன்று சிக்கிய பெயர்கள் வெவ்வேறு உரிமையாளர்களுடையவை. தனித்தனியாக இருந்தது அவற்றைக் காப்பாற்றவில்லை, ஏனெனில் கோளாறு நடந்தது அவற்றுக்கு ஒரு படி மேலே. பதிவகமே ஊடுருவப்பட்டால் முழுக் காப்பு இல்லை என்றாலும், பெயர்ப் பதிவைத் திருத்த இருவரின் ஒப்புதல் வேண்டும் என்று பூட்டுவது திருட்டுத் திருத்தங்களைக் கடினமாக்கும், முகவரி விடைகளுக்கு 'டிஎன்எஸ்செக்' எனும் மின்கையொப்பம் இடுவது வழியில் புகுத்தப்படும் போலி விடைகளைக் காட்டிக்கொடுக்கும். இருபது பெயர்களுக்கு இவற்றைச் செய்வதைவிட ஒன்றுக்குச் செய்வது எளிது.

தமிழில் முகவரி வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. 'டொட் இலங்கை' 2010 முதல் இருக்கிறது, தாராளமாக எடுக்கலாம். அதற்கென்று புதிய தளம் கட்டி, ஓராண்டில் தூசி படிய விடுவதுதான் வீண்வேலை. தமிழ் முகவரியைத் தட்டினால் அதே தளத்தின் தமிழ்ப் பக்கம் திறந்தால் போதும்.

இவற்றுக்கெல்லாம் பெரிய மென்பொருள் தேவையில்லை. பெயர், காலாவதித் திகதி, பொறுப்பான பதவி, பதிவில் உள்ள மின்னஞ்சல் ஆகியவற்றுடன் ஒரு பதிவேடு போதும். அந்த மின்னஞ்சல் ஓர் உத்தியோகத்தருடைய சொந்த முகவரியாக இருக்கக் கூடாது. அவர் இடமாற்றத்தில் போனால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அவரோடு போய்விடும்.