பாடுவது மீனா, ஊரியா?

புனேயிலிருந்து கடலுக்குப் போக மேற்குத் தொடர்ச்சி மலையை இறங்கியாக வேண்டும். ஆனாலும் கடலடி ஓசைகளை ஆராயும் கடல்சார் ஆராய்ச்சி மையம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அந்தத் துறையின் அடிப்படைச் சிக்கலை உணர நீச்சல் குளமே போதும்.

நீங்கள் மூழ்கியிருக்கும்போது, நண்பரை ஒரு மூலையில் நீருக்குள் இரண்டு கரண்டிகளைத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் கணீரென்று கேட்கும். எந்த மூலை என்றுதான் சொல்ல முடியாது. மண்டைக்குள்ளேயே தட்டுவது போலிருக்கும். ஒலி ஒரு காதை எட்டி மறு காதை எட்டும் இடைவெளியை வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், நீரிலோ 1500 மீட்டர். இடைவெளி கால் பங்குக்கும் கீழே சுருங்குவதால் மூளை திணறிப்போகிறது.

இலங்கையின் மட்டக்களப்பு வாவியில் கேட்கும் ‘பாடும் மீன்கள்’ பாட்டின் கதையும் இதுதான்: ஒலி கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. நிலாக் கால இரவில் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். 1848இல் அந்நாட்டின் காலனியச் செயலர் எமர்சன் டென்னென்ட் படகில் போய்க் கேட்டார். படகு நகர்ந்தால் பாட்டு மறைந்தது, பழைய இடத்துக்குத் திரும்பினால் மறுபடி கேட்டது. மீனவர்கள் அவரிடம் சொன்னது மீனை அல்ல, ஊரி என்னும் நத்தையை.

துடுப்பு ஒற்றைக் காது. இன்றைய கருவியோ காதுகளின் வரிசை. ஹைட்ரோபோன் என்பது நீரடி மைக்; அதிலுள்ள பீங்கான் வில்லையில் ஒலியின் அழுத்தம் பட்டால் மின்சாரம் பிறக்கும். இரண்டை 1.5 மீட்டர் தள்ளி வையுங்கள். நேர் எதிரிலிருந்து வரும் ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் தொடும். வரிசையின் ஓரத்திலிருந்து வந்தால் ஒன்று 1 மில்லிநொடி பிந்தும். கணினி ஒவ்வொரு திசைக்கும் உரிய பிந்தலைச் சரிக்கட்டி எல்லாப் பதிவுகளையும் கூட்டுகிறது. சரியான திசை அமைந்தால் 10 ஹைட்ரோபோன்களின் ஒலி 10 மடங்காகும். சிதறிய இரைச்சல் சுமார் 3 மடங்கோடு நின்றுவிடும். திசை திசையாகக் கூட்டி வண்ணம் பூசினால் படம் கிடைக்கிறது. கப்பலைப் படமெடுத்தால், சுழலி இலைகளில் நீர்க்குமிழிகள் வெடித்துச் சிதையும் இடம் சிவந்து தெரியும். எந்தப் பாகம் இரைகிறது என்று தெரிந்தால்தானே அதை அமைதியாக்க முடியும்? ஒலியாலேயே வழி காணும் கங்கை டால்பினுக்கு அந்த அமைதி உயிர்ப் பிரச்சினை.

கட்டையான ஒலிதான் பெரிய தொல்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 15 மீட்டர், படம் மங்கலாகிவிடும். ஆழமற்ற நீரில் தரையும் மேற்பரப்பும் எதிரொலித்துப் போலிப் புள்ளிகளையும் காட்டும்.

அப்படியிருந்தும், ஒரு பௌர்ணமி இரவில் மட்டக்களப்பு வாவியில் இந்த வரிசையை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் தீராத ஆசை. மீன் என்றால் சிவப்புப் புள்ளி நீந்தும். ஊரி என்றால் கிடந்த இடத்திலேயே கிடந்து பாடும்.