768 விளக்குகளில் ஒரு வீதி

நியூயார்க் நகரத்தின் ஐந்தாம் அவென்யூவில் ஆட்களும் வாகனங்களும் போய்க்கொண்டிருக்கும் சாதாரணத் தெருக்காட்சி ஒன்றை வீடியோவில் பிடித்து, அதை வரிசைக்கு 32 வீதம் 24 வரிசைகளாக அடுக்கிய 768 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் கொண்ட ஒரு பலகையில் ஓடவிட்டார் ஜிம் காம்ப்பெல் என்ற அமெரிக்கக் கலைஞர். நம் பேருந்துகளின் நெற்றியில் ஊர்ப் பெயரைக் காட்டும் பலகையில் உள்ளவை போன்ற விளக்குகள்தாம் அவை. கூடுதலாகவோ குறைவாகவோ பிரகாசிப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வித்தை தெரியாது. முகம், உடை, கடைகளின் பெயர்ப்பலகை முதலிய விவரங்கள் யாவும் அதில் மறைந்துபோகின்றன. ஆயினும், விளக்குகள் மாறி மாறி ஒளிர்ந்து மங்கத் தொடங்கியதும், இதோ ஒருவர் அவசரமாகப் போகிறார், இதோ ஒருவர் நிதானமாக நடக்கிறார் என்று பார்ப்பவர் எவரும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார். 2001-இல் செய்யப்பட்ட இப்படைப்புக்கு ‘சர்ச் ஆன் ஃபிஃப்த் அவென்யூ’ என்று பெயர்.

அதிலுள்ள நுட்பம் இதோடு முடியவில்லை. பலகைக்கு முன்னால், ஒளியைப் பரவச் செய்யும் பிளாஸ்டிக் தகடு ஒன்று, இடப்புறம் விளக்குகளை ஒட்டியும் வலப்புறம் அவற்றைவிட்டு விலகியும் இருக்குமாறு சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே, இடக்கோடியில் தனித்தனிப் புள்ளிகளின் கூட்டமாகத் தோன்றும் ஒரு மனிதர், வலப்புறம் நோக்கி நடக்க நடக்க, புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து, வலக்கோடியை அடையும்போது தொடர்ச்சியான ஒரு நிழலுருவமாக மாறிவிடுகிறார். எண்களாக வெட்டப்பட்ட டிஜிட்டல் உலகத்திலிருந்து முழுமையான உலகத்துக்கு அவர் நடந்தே போய்ச் சேர்கிறார் என்று சொல்லலாம். இவ்வளவுக்கும் சாதனம் ஒரு தகடும் அதன் சாய்வுமே. இதைக் காட்டிலும் சிக்கனமாக ஒரு தத்துவத்தைக் கண்ணுக்குக் காட்டிய படைப்பு இக்காலக் கலையில் அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

காம்ப்பெல் 1956-இல் சிகாகோவில் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் கணிதமும் மின்பொறியியலும் பயின்று 1978-இல் பட்டம் பெற்றவர். வீடியோப் படங்களைச் செம்மைப்படுத்தும் துறையில் பொறியாளராக உழைத்துப் பல காப்புரிமைகள் ஈட்டியவர். படத்தைத் தெளிவாக்குவதைத் தொழிலாகக் கொண்ட அதே மனிதர், கலையில் மட்டும் தெளிவைப் படிப்படியாகக் கழித்து, எந்த எல்லை வரையில் கழித்தாலும் உயிர் எஞ்சி நிற்கிறது என்று தேடியதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளை நன்கு அறிந்தவனுக்குத்தான் அதில் எதை நீக்கலாம் என்பதும் தெரியும்.

எஞ்சி நிற்பது எது என்ற கேள்விக்கு, சாஸ்திரம் ஏற்கெனவே ஒரு விடை வைத்திருந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் பணியாற்றிய குன்னார் யோஹான்சன் என்ற மனோதத்துவ அறிஞர், மனித உடலின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் சுமார் ஒரு டஜன் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, மற்றதெல்லாம் இருளாக இருக்கும்படி படம் பிடித்து, அதன் முடிவுகளை 1973-இல் வெளியிட்டார். அந்த மனிதர் அசையாதிருக்கும்போது பார்ப்பவர் கண்டவை அர்த்தமற்ற சில புள்ளிகள். அவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் கண்டது ஒரு மனிதரை. அதற்கும் வெகு காலம் முன்னர், 1880-களில், பிரான்சின் உடலியல் அறிஞர் எத்தியன் ஜூல் மாரே, தலை முதல் கால் வரை கறுப்பு உடை போர்த்த ஒருவரின் கைகால்களில் வெண்ணிறக் கோடுகளை இட்டு நடக்கச் செய்து, அந்தக் கோடுகளின் போக்கை மட்டும் ஒரே புகைப்படத் தகட்டில் பதித்திருந்தார்.

காம்ப்பெலின் பலகைக்கு முன்னால் சாய்த்து நிறுத்திய தகடு ஏன் உதவுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. அதே 1973-இல், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய சதுரக் கட்டங்களாகச் சிதைத்துக் காட்டினார். அருகில் நின்று பார்த்தால் அது வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன். கட்டங்களின் கூரிய விளிம்புகள் முகத்துக்குச் சம்பந்தமில்லாதவை. அவை மூளையைக் குழப்புகின்றன. மங்கலாக்கினால் அந்தக் குழப்பம் அகன்றுவிடுகிறது. காம்ப்பெலின் பிளாஸ்டிக் தகடு செய்யும் காரியமும் இதுவே.

அவருடைய படைப்புகளில் என் நெஞ்சை மிகவும் தொட்டது, 2002-இல் அவர் செய்த ‘மோஷன் அண்ட் ரெஸ்ட்’ என்ற வரிசை. உடற்குறையுள்ளவர்கள் நடந்து செல்வதை அதே எல்.இ.டி. பலகைகளில் காட்டுவது அது. முகமும் உடையும் நிறமும் மறைந்துவிட, ஊன்றுகோலின் தாளமும், ஒரு காலை இழுத்து மற்றொன்றை ஊன்றும் இடைவெளியும் மட்டுமே நம் முன் நிற்கின்றன. தெருவில் இத்தகையவரைக் கண்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், அல்லது பரிதாபப்பட்டுப் பார்க்கிறோம். இங்கே இரண்டுக்கும் இடமில்லாமல், ஒருவரது நடை அவருடைய கையெழுத்தைப் போல அவருக்கே உரியது என்பது பிரத்தியட்சமாகிறது. ஓடும் அந்தப் படத்தை ஒரு கணம் நிறுத்தினால் மனிதர் காணாமல் போய்விடுவார். சலனம் இங்கே அலங்காரம் அன்று. உருவத்தை வரையும் தூரிகையே அதுதான்.

இதற்கு நேர் எதிரான சோதனையையும் அவர் செய்து பார்த்திருக்கிறார். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ திரைப்படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்து, அனைத்துக்கும் சராசரி கண்டு, ஒரே படமாக்கி 2000-இல் காட்சிக்கு வைத்தார். அத்தனை பயங்கரமும் சுமார் இரண்டு மணி நேரச் சம்பவங்களும் ஒரு மங்கலான பிரகாசமாக ஒடுங்கிப்போயின.

பலகையில் கற்ற வித்தையை அவர் ஒரு நகரத்துக்கே விரித்துக் காட்டியது 2018-இல். சான் பிரான்சிஸ்கோவில் 326 மீட்டர் உயரமுள்ள சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரத்தின் உச்சியில், சுமார் 11,000 எல்.இ.டி. விளக்குகளைக் கொண்டு, ‘டே ஃபார் நைட்’ என்ற படைப்பை அவர் அமைத்தார். நகரத்தில் நிறுத்தப்பட்ட கேமராக்கள் பகலில் பிடித்த காட்சிகள் அன்றிரவே அங்கே மெதுவாக அசைகின்றன. சினிமா விளம்பரத் திரையைப் போல விளக்குகளை வெளியே பார்க்க வைக்காமல், கட்டடத்தின் அலுமினியத் தகடுகளை நோக்கித் திருப்பி வைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு வருவது அத்தகடுகளில் பட்டுத் திரும்பும் மெல்லிய ஒளி மட்டுமே. பிரம்மாண்டமான திரைகள் ஒன்றைவிட ஒன்று கூர்மையாகவும் பிரகாசமாகவும் போட்டியிடும் காலத்தில், அவ்வளவு உயரத்தில் இடம் கிடைத்தும் ஒருவர் இத்தனை அடக்கத்தைத் தேர்ந்தது எனக்குப் பெருமதிப்பை உண்டாக்குகிறது. அந்நகரத்துக்குச் செல்லும் வாய்ப்புள்ளவர்கள் கோபுரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டாம். தள்ளி, நகரத்தின் குன்றுகளில் ஏதேனும் ஒன்றில் ஏறி, தெளிவான வானம் உள்ள இரவில் பொறுமையோடு பார்ப்பதே உசிதம்.